மூத்த மகளின் தலையில் கட்டக் கூடாத வேலை

அன்புள்ள தம்பிக்கு,

ஜூன் மாதம் வவுனியாவிலிருந்து மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்ததாகவும், மூத்த மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9, கடைக்குட்டிக்கு 4 என்றும் எழுதியிருந்தீர்கள். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பழக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்விகள் முடிந்த பிறகு, "மகள் ஊரில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவள், பள்ளிக்கூட விஷயங்களை எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். உங்கள் கேள்விகளைவிட அந்த ஒரு வரிக்குத்தான் நான் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

செலவை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரச நிதியில் நடக்கும் பள்ளிக்கூடங்களில் பாடப்புத்தகங்களுக்குக் காசு கட்டத் தேவையில்லை. பொதுப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் சீருடையும் இல்லை. சிறிய வகுப்புகளில் கொப்பி, பென்சில்களைக்கூடப் பல இடங்களில் வகுப்பிலேயே கொடுத்துவிடுவார்கள். ஓகஸ்டில் கடைகளில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் வாங்காமல், முதல் வாரத்தில் ஆசிரியர் ஏதாவது கேட்டு அனுப்பினால் அதை மட்டும் வாங்கினால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகப்பை, சாப்பாட்டுப் பெட்டி, சூடு ஆறாத ஒரு சாப்பாட்டுக் குடுவை ஆகியவற்றோடு, சின்னவர்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே மட்டும் போடுவதற்கென்று தனியாக ஒரு சோடி சப்பாத்தும் வேண்டும். பனிக்காலச் சப்பாத்தும் பனிக்காற்சட்டையும் நவம்பருக்குள் வாங்கினால் சரி. பாவித்த உடுப்புகள் விற்கும் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும், பிள்ளைகள் வளர்கிற வேகத்துக்குப் புதிதாக வாங்குவது வீண். கனடா பிள்ளை நலக் கொடுப்பனவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். கணவன், மனைவி இருவரும் ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிப் படிவம் கொடுக்காவிட்டால் அந்தக் கொடுப்பனவு நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். செலவைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நான் உங்கள் மகளின் வயதில்தான் இங்கே வந்தேன். கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்காகக் காத்திருந்து, 1991 ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினோம். செயின்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் ஒன்றில், ஓர் அறை மட்டுமே கொண்ட வீட்டில், அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிமார் ஆகிய ஐந்து பேரும் குடியிருந்தோம். அப்பா இரவில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அம்மா பகலில் தொழிற்சாலைக்குப் போனார். அந்தக் காலத்தில் அந்தக் கட்டடங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலைமை இதுதான். வீட்டில் ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், மின்சாரக் கட்டணத்துக்குத் தொலைபேசியில் பேசுவதும், வீட்டு முகாமையாளரிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்வதும், குடிவரவு அலுவலகக் கடிதங்களை வாசிப்பதும், தம்பிமாரின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தாள்களில் கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டுவதும் என் வேலையாயின. ஊரார் என்னைக் கெட்டிக்காரி என்று புகழ்ந்தார்கள். அப்பாவுக்கும் அதில் பெருமை.

மூத்த தம்பியின் வகுப்பாசிரியை ஒருநாள் பெற்றோரை அழைத்திருந்தார். அப்பா நித்திரை, ஆகவே அம்மாவும் நானும் போனோம். வைத்தியசாலைக்குப் போகும் ஹெலிகொப்டர் பள்ளிக்கூடத்துக்கு மேலாகப் பறக்கும்போதெல்லாம் பிள்ளை மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வது ஏன் என்று அந்த ஆசிரியை மிகுந்த கனிவோடு கேட்டார். அம்மா அழத் தொடங்கி, ஊரில் எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்த நாளைப் பற்றியும், பக்கத்து வீட்டில் யார் யார் செத்தார்கள் என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். அதே நாளில் அதே பதுங்குகுழிக்குள் இருந்த நான், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதையெல்லாம் ஒவ்வொரு வசனமாக ஆசிரியையிடம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்த யாரும் எனக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கக் கூடாத பொறுப்பு அது. இன்றைக்கு எனக்கே வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய இத்தனை ஆண்டுகளில் அந்த மாலையை நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

என் படிப்புக்கு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். அப்போது இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பாடங்கள் அடிப்படை, பொது, உயர் என்று மூன்று மட்டங்களில் இருந்தன. பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் உயர் மட்டத்தில் படித்து, 13 ஆம் வகுப்புக்கு ஒப்பான ஓ.ஏ.சி. பாடங்களையும் முடிக்க வேண்டும். என் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் நன்றாகச் செய்த கணிதம் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் என்னைப் பொது மட்டத்தில் போட்டார்கள். தம்பிமாரின் பள்ளிக்கூடத்துக்கு அம்மாவை அழைத்துப் போக நான் இருந்தேன், என் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "இந்தப் பிள்ளையை ஏன் இங்கே போட்டீர்கள்?" என்று கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கணித ஆசிரியர் கண்டு சொன்ன பிறகுதான் மாற முடிந்தது. அதற்காக ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தேன். உங்கள் மகளுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆகவே உங்கள் வீட்டில் இந்தப் பள்ளிக்கூட ஆண்டுக்கு முதலில் தயாராக வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும்தான். பதிவுக்கு இருவரும் நேரில் போங்கள். பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அல்லது கடவுச்சீட்டு, குடிவரவுப் பத்திரங்கள், வீட்டு விலாசத்தைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் அல்லது கட்டணச் சீட்டு, தடுப்பூசிப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகள் இருந்தால் மகளுக்கு அவை மிகவும் உதவும். உங்கள் குடிவரவுப் பத்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்தவர்களில் அகதிக் கோரிக்கை முடியாமல் இருப்பவர்களும், நிராகரிக்கப்பட்டவர்களும் இருக்கக்கூடும். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நாட்டில் இருக்கச் சட்டப்படி அனுமதி இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்க முடியாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1 ஆம் பிரிவு சொல்கிறது. பயந்துபோய்ப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

வகுப்பு, பிறந்த ஆண்டைக் கொண்டே தீர்மானிக்கப்படும். டிசம்பர் 31 இற்குள் 4 வயது நிறையும் பிள்ளை ஜே.கே. எனப்படும் இளம் பாலர் வகுப்புக்கும், 9 நிறையும் பிள்ளை 4 ஆம் வகுப்புக்கும், 14 நிறையும் பிள்ளை 9 ஆம் வகுப்புக்கும் போவார்கள். ஆங்கிலம் தெரியாது என்பதற்காகச் சின்னவர்களைக் கீழ் வகுப்பில் போடும்படி கேட்காதீர்கள். வயதொத்த பிள்ளைகளோடு இருந்தால்தான் மொழி விரைவில் வரும். மகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பதிவின்போது பார்ப்பார்கள். ரொறன்ரோவில் உயர்நிலை மாணவருக்கு இதற்கென்றே வரவேற்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டிய பிள்ளை, என்று எழுதிவிட்டால் குடும்ப மானம் போய்விட்டதாக நினைக்கும் ஆட்கள் எங்களுக்குள் நிறையப் பேர். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் இடத்தில் ஆங்கிலம் என்று எழுதியவர்களையும், ஈ.எஸ்.எல். வகுப்பிலிருந்து பிள்ளையை எடுத்துவிடும்படி அதிபரோடு வாதாடியவர்களையும் நான் அறிவேன். அது பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம். உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை முடித்தால் சான்றிதழுக்குச் சேரும் கிரெடிட், ஈ.எஸ்.எல். பாடங்களுக்கும் முழுமையாக உண்டு. கட்டாயமான நான்கு ஆங்கில கிரெடிட்டுகளில் மூன்று வரை அவற்றால் நிரப்ப முடியும். அங்கே இருக்கும் ஆசிரியர்கள் புதிதாக வந்த பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர்கள். எனக்கு இந்த நாட்டில் முதலில் கிடைத்த நல்ல ஆசிரியர்கள் அவர்கள்தான்.

தடுப்பூசி விஷயத்தில் இங்கே ஆண்டாண்டாகப் புதியவர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒன்ராறியோ நோய்த்தடுப்புச் சட்டத்தின்படி தொண்டைக்கரப்பான், ஏற்புவலி, போலியோ, குக்கல், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக்கல் ஆகியவற்றுக்கும், 2010 இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குக் கொப்பளிப்பானுக்கும் தடுப்பூசி போட்டதற்கான பதிவு இருக்க வேண்டும். ஊரில் ஒழுங்காகக் கிளினிக்குக்குக் கொண்டுபோன பிள்ளைகளுக்குக்கூட மெனிங்கோகொக்கலும் கொப்பளிப்பானும் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இலங்கையின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் அவை இல்லை. இங்கே குடும்ப வைத்தியரிடம் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். வைத்தியர் ஊசியைப் போட்டால் அந்தத் தகவல் தானாகப் பொதுச் சுகாதாரப் பகுதிக்குப் போய்விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிப் போகாது, பெற்றோர்தான் அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவர்களுக்கு முதலில் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை வாசிக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டுவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து 20 பாடசாலை நாட்கள் வரை இடைநிறுத்த அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிளினிக் கார்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த மாதத்துக்குள் வைத்தியரைப் பாருங்கள்.

மகளின் பாடத் தெரிவுக்கு வருகிறேன். நான் பட்ட கஷ்டம் இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது. 2021 இல் கணிதத்திலும், 2022 இல் மற்றப் பாடங்களிலும் 9 ஆம் வகுப்பில் பிள்ளைகளை மட்டம் பிரித்து இருத்தும் முறையை ஒன்ராறியோ நிறுத்திவிட்டது. ஆனால் 10 ஆம் வகுப்பில் பிரிவு மறுபடியும் தொடங்குகிறது, 11 ஆம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம், கல்லூரி, வேலை என்று பாடங்கள் வழிவழியாகப் பிரிந்து போகின்றன. 10 ஆம் வகுப்புக்கான தெரிவை, மகள் 9 ஆம் வகுப்பில் இருக்கும்போதே, குளிர்காலத்தில் செய்துவிட வேண்டும். அதாவது பள்ளிக்கூடம் தொடங்கிச் சில மாதங்களுக்குள், அவளுக்கு இன்னும் வாய் திறந்து பேசக் கூச்சம் போகாத நேரத்தில். அந்தப் படிவத்தில் பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்காமல், வழிகாட்டல் ஆலோசகரிடம் நேரம் கேட்டு, நீங்களே போய், ஒவ்வொரு பாடமும் எந்த வாசலைத் திறக்கும், எதை மூடும் என்று கேளுங்கள். உயர்நிலைச் சான்றிதழுக்கு 30 கிரெடிட், எழுத்தறிவுத் தகைமை, 40 மணித்தியாலச் சமூக சேவை ஆகியவை வேண்டும். 9 ஆம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே சேவை மணித்தியாலங்களைத் தொடங்கலாம் என்பதால், இந்த ஓகஸ்டிலேயே பக்கத்து நூலகத்திலோ சமூக நிலையத்திலோ இடம் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைப்பதற்கு முன் ஆங்கிலத்தில் வேலை செய்து பழகவும் அது உதவும். பல உயர்நிலைப் பள்ளிகளில் ஓகஸ்டின் இறுதியில் புதிதாக வந்த மாணவருக்கென்று அறிமுக நாட்கள் நடத்துகிறார்கள். பதிவின்போது கேட்டு, அவளைக் கட்டாயம் அனுப்புங்கள்.

இனி, பள்ளிக்கூடத்தோடு யார் பேசுவது என்ற விஷயம். இப்போது எல்லாம் மின்னஞ்சலில் வருகிறது. பிள்ளையின் புள்ளிகளையும் வரவையும் பார்க்கும் பெற்றோர் கணக்கும் இணையத்தில்தான் இருக்கிறது. அவசரத்துக்கு மகளின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வரைக்கும் மாற்றுவதில்லை. உங்கள் பெயரிலும் மனைவியின் பெயரிலும் கணக்கு எடுத்து, கடவுச்சொல்லை நீங்கள் வைத்திருங்கள். வரும் கடிதத்தைக் கைத்தொலைபேசியில் தமிழாக்கிப் பார்த்தால் முக்கால்வாசி விளங்கும். விளங்காத பங்குக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கேளுங்கள். பல பள்ளிக்கூடங்களில் புதிய குடும்பங்களுக்கு உதவுவதற்கென்று குடியேற்றப் பணியாளர்கள் இருக்கிறார்கள்; ஸ்காபரோவில் தமிழ் பேசும் ஒருவரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமல்ல. அவர்களுக்கு நீங்கள் ஒரு சதம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. ஆசிரியரைச் சந்திக்கும் நாளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் ஒழுங்கு செய்து தருவார்கள். இந்த உதவிகளைக் கேட்பது கௌரவக் குறைவு என்று சொல்லும் பழைய ஆட்களை நீங்கள் சந்திப்பீர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் வேலைக்கு நடுவில் இன்றும் தகப்பனின் வங்கிக் கடிதத்தை வாசித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளை ஒருநாள் போகாவிட்டால், மணி அடிக்குமுன் பள்ளிக்கூடத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் அவர்கள் தொலைபேசியில் உங்களைத் தேடுவார்கள். அந்த அழைப்பை எடுக்க முடியாத தொழிற்சாலை வேலையென்றால், காலையில் அறிவிக்கும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொள்ளட்டும். "மை சன் இஸ் சிக் ருடே" என்று சொல்ல எந்தப் பெரிய ஆங்கிலமும் தேவையில்லை. உங்கள் மனைவிக்கு, புதிதாக வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் லிங்க் வகுப்புகளைப் பற்றியும் விசாரியுங்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு அவை இலவசம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள இடங்களும் உண்டு. பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடம் போகும் அதே செப்டெம்பரில் அவவும் வகுப்புக்குப் போகத் தொடங்கினால் வீட்டின் நிலைமையே மாறிவிடும். என் அம்மா என் மூத்த மகன் பிறந்த பிறகுதான் அந்த வகுப்புக்குப் போனார். பேரனின் ஆசிரியையோடு அவர் தானாகப் பேசியதைப் பார்த்தபோது, இதை வந்த புதிதிலேயே யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்கினேன்.

மகன் 4 ஆம் வகுப்பு. ஊரில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இங்கே வீட்டுப்பாடம் குறைவாக இருப்பது உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். இலையுதிர் காலத்தில் ஒரு முன்னேற்ற அறிக்கையும், பிப்ரவரியிலும் ஜூனிலும் தேர்ச்சி அறிக்கைகளும் வரும். 6 ஆம் வகுப்பு வரைக்கும் எழுத்துகளில்தான் பெறுபேறு. "பி" என்பது மாகாணம் எதிர்பார்க்கும் மட்டம். அதை எடுத்த பிள்ளையை ஏசக் கூடாது. எங்கள் பெற்றோர் அறிக்கையைத் திறந்ததும் கணிதத்துக்குப் போய்விடுகிறார்கள். முன்பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கு, தனித்துச் செய்தல், சேர்ந்து செய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு விஷயங்களைப் பற்றி ஆசிரியர் எழுதியிருப்பார். புதிதாக வந்த பிள்ளை வகுப்பில் வாய் திறக்கிறதா, இடைவேளையில் யாரோடாவது விளையாடுகிறதா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும். மொழி தெரியாத பிள்ளை முதல் மாதங்களில் மௌனமாக இருப்பது வழமை. பனிக்காலம் முழுவதும் மௌனமாகவே இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

அவனுக்குக் கட்டும் சாப்பாட்டில் கச்சானும் மரமுந்திரிகையும் இருக்கக் கூடாது. சப்ரினா ஷனன் என்ற ஒன்ராறியோ மாணவி 2003 இல் பள்ளிக்கூடத்தில் உணவு ஒவ்வாமையால் பாதிக்கப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து வந்த சட்டம், 2006 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. ஆகவே லட்டு, கேசரி என்று எதைக் கட்டினாலும் பார்த்துக் கட்டுங்கள். வகுப்பில் சூடாக்கித் தர மாட்டார்கள் என்பதால் குடுவையில் கொதிநீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்து, பிறகு சோற்றைப் போட்டால் மதியம் வரைக்கும் சூடு நிற்கும். பிட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுபோக அவன் வெட்கப்பட்டால் வற்புறுத்த வேண்டாம், பாணும் பழமும் கொஞ்ச நாள் போகட்டும். என் பிள்ளைகள் 6 ஆம் வகுப்பில் தாங்களாகவே இடியப்பம் கேட்டார்கள். குளிரிலும் இடைவேளைக்கு வெளியே விடுவார்கள். அதைப் பள்ளிக்கூடம் செய்யும் கொடுமை என்று முறையிடும் தாய்மார் இருக்கிறார்கள், ஆனால் ஒழுங்காக உடுத்தி அனுப்பினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இந்த நாட்டின் குளிரில் விளையாடப் பழகிய பிள்ளை, இந்த நாட்டில் தனக்கு இடம் உண்டு என்று நம்பத் தொடங்கிவிடும்.

கடைக்குட்டி, தன் மேலங்கியையும் சப்பாத்தையும் தானே போடவும், சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறக்கவும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லவும் இந்தக் கோடையில் பழகினால் போதும். 2014 இலிருந்து மாகாணம் முழுவதும் பாலர் வகுப்பும் முழுநாள் வகுப்புத்தான். 6 வயது வரை அது கட்டாயமில்லை என்றாலும் தயவுசெய்து அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சின்னவர்களை யார் கூட்டிவருவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மகள் இருக்கிறாள்தானே என்று அதையும் அவளிடம் கொடுத்துவிட்டால், அவளுக்கு உதைபந்தாட்டமும் இல்லை, கணிதக் கழகமும் இல்லை, பள்ளிக்கூடம் முடிந்த பின் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கவும் நேரமில்லை. மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைக்குச் சிநேகிதிகளும் கிடைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடங்களில் நடக்கும் காலை, மாலைப் பராமரிப்புக்கும், வருமானத்தைப் பொறுத்து நகரசபை தரும் கட்டணச் சலுகைக்கும் இன்றே பெயரைப் பதியுங்கள், ஏனென்றால் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. உங்கள் வேலை நேரத்தையும் மனைவியின் வகுப்பு நேரத்தையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை நான் தரப்போவதில்லை. ஃபிரேசர் நிறுவனம் வெளியிடும் தரவரிசையை வைத்துக்கொண்டு, மாகாணப் பரீட்சைப் புள்ளியில் முன்னுக்கு நிற்கும் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வாங்குவதற்காக இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடும் எங்கள் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். வீடு மார்க்கம் நகரத்தில் இருக்கிறது, தாயும் தகப்பனும் அந்த வீட்டில் இல்லை. சனி, ஞாயிறுகளில் ரியூஷன், நடுவில் வயலின், பரதநாட்டியம். நீங்கள் குடியிருக்கும் விலாசத்துக்கு உரிய பள்ளிக்கூடத்தில் சேருங்கள். அங்கே அலுவலகச் செயலாளருக்கும் அதிபருக்கும் உங்கள் முகம் தெரிந்திருப்பது, வரிசையில் முதலிடத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத பெற்றோராக இருப்பதைவிட உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வீட்டில் தமிழில் பேசுங்கள். உங்கள் ஆங்கிலத்தை அவர்கள் கற்க வேண்டிய அவசியம் இல்லை. அது பள்ளிக்கூடத்தில் வரும். பாடசாலைச் சபைகள் நடத்தும் தமிழ் வகுப்புகள் இருக்கின்றன, உயர்நிலையில் தமிழுக்கும் கிரெடிட் எடுக்கலாம். உங்கள் மகளுக்கு ஈ.எஸ்.எல். சிரமமாக இருக்கும் ஆண்டில் அவள் நன்றாகச் செய்யக்கூடிய ஒரு பாடமாக அது இருக்கும்.

இங்கே செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமையில் வரும் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் முதல் நாளாக இருக்கும். பள்ளிக்கூட அலுவலகங்கள் அதற்கு முந்திய வாரத்தில் திறந்துவிடுவது வழமை, உயர்நிலைப் பதிவுக்கான நேரத்தை அதற்கு முன்னமே எடுத்துவிடலாம். 9 ஆம் வகுப்பில் வகுப்பு நேரத்தில் கைத்தொலைபேசி பாவிக்கத் தடை இருப்பதால், பகலில் உங்களுக்கு ஏதாவது கடிதமோ அழைப்போ வந்தால் மகளுக்குப் படம் பிடித்து அனுப்பிக் கேட்கும் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். பதிவுப் படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று மூன்று பிள்ளைகளுக்கும் கேட்பார்கள். முதலாவதாக உங்கள் இலக்கத்தையும், இரண்டாவதாக மனைவியின் இலக்கத்தையும், மூன்றாவதாக உங்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்த அந்த மச்சானின் இலக்கத்தையும் எழுதுங்கள். மகளின் இலக்கம் அந்தத் தாளில் எங்கும் வேண்டாம்.